கோணேசருக்கு நேர்ந்துவிட்ட என் குதிகால்

கடந்த ஆவணியில் நான் திருகோணமலைக்குப் போனது கடலில் குளிக்கவும் அல்ல, சாமி கும்பிடவும் அல்ல. என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா தயாளினி, தன் நேர்த்திக்கடனில் என் கால்களையும் சேர்த்து நேர்ந்துவிட்டார்.

மாசியில் மச்சாளின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், “ஒன்றுமில்லை என்று வந்தால் நானும் மச்சாளும் வீட்டிலிருந்து வெறுங்காலோடு நடந்து வருவோம்” என்று, ஊர்க் கோட்டைக்குள் கோயில்கொண்ட கோணேசரிடம் வேண்டிக்கொண்டாராம். முடிவு நல்லபடியாக வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

“என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருந்தா நீங்கள் மாட்டன் எண்டிருப்பியள்.”

உண்மைதான். நேர்த்திகளில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் சொன்னதைச் செய்யாவிட்டால் கட்டி திரும்பி வந்துவிடும் என்று மச்சாள் பயந்தார். அந்தப் பயத்தோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை.

வெறுங்காலோடு நடக்க வேண்டுமென்றால் வெறுங்காலோடுதானே பழக வேண்டும்? இப்படி யோசித்து, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் குடியிருப்பின் சீமெந்து மொட்டைமாடியில் தினமும் வேகநடை போட்டேன். சில வாரங்களில், காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைத்த முதல் அடியிலேயே வலது குதிகாலில் ஆணி ஏறியதுபோல வலித்தது. கொஞ்சம் நடந்தால் குறையும், இருந்து எழும்பினால் திரும்ப வரும். பிசியோதெரபி செய்யும் பெண்பிள்ளை காலை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: கெண்டைக்காலை நீட்டிப் பயிற்சி செய்யுங்கள், ஐஸ் போத்தலைப் பாதத்தின் அடியில் உருட்டுங்கள், குதி தடித்த செருப்புப் போடுங்கள், வெறுங்காலோடு மட்டும் நடக்காதீர்கள்.

இதை நான் மச்சாளுக்குச் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். குதிகால் நோவோடு போகிறவர்கள் நடைபாதைப் பக்க இருக்கையை எடுங்கள். அடிக்கடி காலை நீட்டலாம். பஸ் நிலையத்திலிருந்து உட்துறைமுகப் பக்கம் இருக்கும் மச்சாள் வீட்டுக்கு ஆட்டோ ஐந்நூறு ரூபா. பேசியிருந்தால் நானூறுக்கு வந்திருக்கும். நான் பேரம் பேசுகிற நிலையில் இல்லை.

“அக்கா நொண்டுறியள். குதிவாதமோ?” என்றார் சாரதி. “எங்கட அம்மாவுக்கும் இருந்தது. செங்கல்லைச் சுட்டு, மேல எருக்கலை இலையைப் போட்டு மிதிச்சவ.”

“சுகம் வந்ததோ?”

“ஓம், வந்தது.” சற்று யோசித்தார். “ஆனா அந்த நேரம் செருப்பையும் மாத்தினவ.”

இவ்வளவு நேர்மையான வைத்திய ஆலோசனை எனக்குக் கொழும்பிலும் கிடைத்ததில்லை.

மறுநாள் மச்சாள் கன்னியாவுக்குக் கூட்டிப்போனார். நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு ஒவ்வொரு விதம். வாளியால் அள்ளிக் குதிகாலில் ஊற்றினேன். குணமாகும் என்று எழுதமாட்டேன். சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

“எல்லாரும் தலையில ஊத்துகினம். நீங்கள் என்ன, ஒற்றைக் காலை மட்டும் குளிப்பாட்டுறியள்?”

“பஸ்ஸில இருந்து கால் வீங்கிப்போச்சு.”

மச்சாள் குனிந்து என் இரண்டு குதிகால்களையும் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம். வீட்டிலிருந்து கோயில் மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆவணி வெயில் ஏறிவிட்டால் தாரில் கால் வைக்க ஏலாது, ஆகவே இந்த நேரந்தான் சரி. மச்சாள் பெரிய கைப்பையொன்றைத் தோளில் போட்டிருந்தார். அர்ச்சனைச் சாமானாக்கும் என்று நினைத்தேன். காளி கோயிலடி வரை சமாளித்தேன். கோட்டை வாசலை நெருங்கியபோது குதிகாலை நிலத்தில் வைக்கவே முடியவில்லை. இனி மறைக்கவும் வழியில்லை. மதிலில் இரண்டு கைகளையும் ஊன்றி, வலக்காலைப் பின்னுக்கு நீட்டி, கெண்டைக்காலை இழுத்துப் பிடித்தேன்.

“என்ன செய்யிறியள் மச்சாள்?”

“எக்சசைஸ்.”

“நேர்த்தி எனக்கும்தானே. எனக்கும் காட்டுங்கோ.”

அவரும் பக்கத்தில் வந்து மதிலைத் தள்ளினார். காவலுக்கு நின்ற இராணுவச் சிப்பாய் எங்களையும் மதிலையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னால் பூக்கூடையோடு வந்த ஓர் அம்மா நின்றார், கூடையைக் கீழே வைத்தார், தானும் மதிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். மச்சாள் சிரித்துச் சிரித்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் கைப்பையைத் திறந்தார். உள்ளே என்னுடைய குதி தடித்த செருப்பு.

“கன்னியாவிலயே விளங்கிட்டுது. போடுங்கோ.”

“அப்ப நேர்த்தி?”

“உங்கட காலை உங்களைக் கேளாமல் நேர்ந்தது நான். அதைத் திருப்பி எடுக்கிறன். என்ர காலை அவர் வைச்சிருக்கட்டும்.”

சொல்லும்போது குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் நீட்டிய செருப்பை உடனே விடவில்லை. எதை நினைத்துப் பிடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வாங்கிப் போட்டுக்கொண்டேன். கோட்டைக்குள் மான்கள் எழும்பும் நேரம். அவற்றைத் தாண்டி மெல்ல மெல்ல ஏறினோம், அவர் வெறுங்காலோடு, நான் செருப்போடு. செருப்பு வைக்கும் இடத்தில் கழற்றிவிட்டு மிச்சத் தூரத்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பூசை முடிந்து, மலை விளிம்பில் கடலைப் பார்த்தபடி நின்றபோது மச்சாள் கேட்டார்: “ஒண்டும் நடக்காதுதானே?”

இதற்கெல்லாம் என்னிடம் வழக்கமான பதில் ஒன்று உண்டு: மருத்துவ அறிக்கை தெளிவாக இருக்கிறது, கால் வேறு, கட்டி வேறு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“நடக்காது. நான் கோணேசரோட கதைச்சிட்டன்.”

“நீங்களோ?”

“ஓம்.”

பொய்யில்லை. இரண்டு நிமிடம் கதைத்தேன். பதில் வந்ததா என்பது வேறு விடயம்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். குதிகால் நோகிறவர்கள் கோட்டை வாசலில் இறங்காமல் ஆட்டோவிலேயே மேலே போகலாம். தடித்த காலுறை கொண்டுபோங்கள். காலுறையோடு உள்ளே அனுமதிப்பார்களா என்று முதலில் கேளுங்கள். கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தால் சுகம் வரும் என்று ஊரில் பாதிப்பேர் சொல்வார்கள். நான் நடந்து பார்த்தேன், சரிந்த மணல் வலியைக் கூட்டியது. கட்டிலைவிட்டு இறங்கும் முன் கெண்டைக்காலை நீட்டுங்கள். வாரக்கணக்கில் குறையாவிட்டால் வைத்தியரிடம் போங்கள், செங்கல்லிடம் அல்ல.

மச்சாளுக்கு வரும் மாசியில் திரும்பவும் பரிசோதனை. அவர் இம்முறை என்னை எதிலும் சேர்க்கவில்லையாம், சத்தியம் செய்கிறார். பரவாயில்லை. இம்முறை என் காலை நானே நேர்ந்திருக்கிறேன், செருப்போடு.