கூப்பிட்ட குரலுக்கு

தென்னிலங்கை மாத்தறையில் கடை நடத்திய முப்பத்தொரு வருடத்தில் தம்பிஐயா யாரையும் இரண்டாந்தரம் கூப்பிட வைத்ததில்லை. பின்னறையில் சோற்றில் கை வைத்திருந்தாலும், சிங்களத்திலோ தமிழிலோ ‘வாறன்’ என்ற சொல் கை கழுவ முன்னரே முன்னுக்குப் போய்விடும். கடையை விற்றுச் சொந்த ஊரான மண்கும்பானுக்கு வந்து ஆறு வருடம். கடை போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் வாங்கிய கொக்கடீல் ஒன்று வீட்டில் இருந்தது. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. அவருக்கு அது கிளிதான். அவர் கண்ணில் படாவிட்டால் வீரிட்டுக் கத்தும்.

பக்கத்து வீட்டுத் தர்சினிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம். ஒரு புதன்கிழமை மதிலடிக்கு வந்தாள்.

“ஐயா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளை கண் மூடினவுடனை உங்கடை கிளி துவங்குது. நான் நித்திரை கொண்டு எத்தினை நாள்.”

“இதிலை குறை நினைக்க என்ன இருக்கு பிள்ளை. வாற ஞாயிறு தாண்டி அடுத்த ஞாயிறுக்கிடையிலை அடங்காட்டில், ஆருக்கும் குடுத்துவிடுறன்.”

சொல்லிவிட்டு நேரே கூட்டடிக்குப் போனார்.

கூட்டின் மேல் மனைவி சத்தியபாமாவின் பழைய சேலையைப் போட்டு மூடினார். பட்டப்பகலில் இருட்டானதும் கிளி பயந்து இன்னும் கத்தியது. கிணற்றடிக் கொட்டிலுக்குக் கூட்டை மாற்றினார். அது தர்சினியின் சன்னலுக்கு இன்னும் கிட்ட. மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்தார். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த சத்தியபாமா நிமிரவில்லை.

“அது கத்தேல்லை. உங்களைக் கூப்பிடுது. நீங்களும் வாறன் வாறன் எண்டு ஓடுறியள். கத்தினால் முதலாளி வருவார் எண்டு அதுக்கு விளங்கியிட்டுது.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறீர்?”

“கத்தேக்கை போகாதேங்கோ. மெல்லமாய் விசிலடிச்சால் போங்கோ. கலியாணம் முடிச்சு நாப்பது வருசம், என்ரை குரலுக்கு ஒருநாளும் இப்பிடி ஓடி வரேல்லை.”

அடுத்த நாள் காலை கிளியின் கண்ணுக்கு மறைவாகக் கதிரையைப் போட்டு இருந்தார். கிளி கூப்பிட்டது. கைகளை முழங்கால்களுக்கிடையில் வைத்து நெருக்கிக்கொண்டார். அரைமணித்தியாலம் ஓயவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது பொய் சொல்வதுபோல இருந்தது. அவருடைய உதடு அசைவதைச் சத்தியபாமா கண்டுவிட்டாள்.

“வாயை மூடுங்கோ.”

தர்சினி மறுபடி வந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. “ஐயா, இண்டைக்குக் கூடவெல்லோ கத்துது.”

“இன்னும் கொஞ்ச நாள் கூடத்தான் கத்தும் பிள்ளை. பொறுக்க ஏலுமோ?” கடையில் நின்ற காலத்தில் அவர் யாரையும் பொறுக்கச் சொன்னதில்லை. “பிள்ளை எத்தினை மணிக்குப் படுக்கிறது எண்டு சொல்லும்.”

பதினொன்றிலிருந்து ஒன்று, பிறகு மூன்றிலிருந்து நாலரை என்றாள். அந்த நேரங்களில் தம்பிஐயா கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து பேப்பர் படித்தார். பிள்ளை விழித்திருக்கும் நேரங்களில் மறைவில் இருந்து கிளியைக் கத்தவிட்டார். அது ஓய்ந்து தாழ்ந்த குரலில் விசிலடித்ததும் தினைக்கதிரோடு போனார். கோயிலுக்குப் போவதும் சந்தைக்குப் போவதும்கூடப் பிள்ளையின் நித்திரையைப் பார்த்துத்தான். கத்துகிற நேரம் நாளுக்கு நாள் குறைந்தது. ஆனால் பிள்ளை படுத்திருக்கும்போது கூட்டைத் தனியே விட்டு எழும்ப அவர் துணிந்ததில்லை.

தவணை சொன்ன ஞாயிறு வந்தது. நடுப்பகல், பிள்ளை படுத்த நேரம். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார், ஏலவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய் இருமினார். இருமி முடிந்த பிறகுதான், கூட்டைத் தனியே விட்டு வந்தது உறைத்தது.

கிளி ஒருமுறை வீரிட்டது. அவர் கால் எழும்பியது. கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த தர்சினியும் கை ஓய்ந்து, தன் வீட்டுச் சன்னலைப் பார்த்தபடி நின்றாள்.

இரண்டாவது சத்தம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து உள்ளிருந்து மெல்லிய விசில் கேட்டது.

“பிள்ளை எழும்பேல்லை,” என்றாள் தர்சினி, தாழ்ந்த குரலில்.

“காலமை பொழுது விடியேக்கை கத்தும், பிள்ளை. அதை என்னாலை நிப்பாட்ட ஏலாது. இப்பவே சொல்லிப்போடுறன்.”

“அந்த நேரம் இவளும் முழிப்புத்தான்.” நனைந்த துணியொன்றை உதறப் போனவள், உதறாமல் கொடியில் போட்டாள். “ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ ஐயா. போங்கோ, கூப்பிடுது.”

தம்பிஐயா போனார், நடந்துதான்.