ஆயாவின் ஊக்கு

எழுபதுகளின் கடைசியில், செங்கல்பட்டில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவிய ஆயா, மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். ஒடிசலான உருவம், பாதத்தில் எப்போதும் கொஞ்சம் கடல்மணல். தாலிக்கயிற்றில் ஐந்தாறு ஊக்குகள் தொங்கும். யாருக்கு எது கிழிந்தாலும் ஒன்றைக் கழற்றித் தருவார்.

என் முதல் செமினார் நாளில், பேச அரை மணி நேரம் இருக்கையில், பாவாடை நாடா உருவிக்கொண்டு வந்துவிட்டது. புடவையைக் கையில் பிடித்தபடி அழாக்குறையாக நின்றேன். ஆயா ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தினார். நாடா நுனியில் ஊக்கைக் குத்தி, இடுப்புப்பட்டிக்குள் விட்டு, நகர்த்தி நகர்த்தி மறுபக்கம் எடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நான் பேசப்போறதே இதைத்தான் ஆயா. பாக்டீரியா உள்ளே செய்யற புரதம் சவ்வைத் தாண்டி வெளியே போகணும்னா, அதோட முன்னால ஒரு சின்னத் துண்டு வழிகாட்டிட்டுப் போகும். தாண்டினதும் அந்தத் துண்டு வெட்டுப்பட்டுடும்."

"அப்பால அந்தத் துண்டு இன்னா ஆவுது?"

"தெரியலையே."

"அய்ய, அவ்ளோ தூரம் இட்டுகினு வந்துச்சே. அத்த யாரும் எடுத்து வெச்சிக்க மாட்டாங்களா?" என்றபடி ஊக்கைத் தாலிக்கயிற்றில் மாட்டிக்கொண்டார்.

அன்று நன்றாகவே பேசினேன். எல்லோரும் புரதத்தைப் பற்றியே கேட்டார்கள். முடிவில் பேராசிரியர் முதல் தட்டச்சர் வரை பெயர் சொல்லி நன்றி சொன்னேன். பின்கதவருகே டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்த ஆயா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.