சுப்பாத்தாளின் எடை

சுப்பாத்தாளை எடை போட்டது ஒரே ஒரு முறைதான். எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், கொல்லங்கோட்டுப் பக்கத்துக் கோயில் ஒன்றில், நான்கு பேர் அவளைத் தூக்கித் துலாபாரத் தட்டில் வைத்தார்கள். எதிர்த்தட்டில் வெல்லம். தட்டு இரண்டும் சமமானதும் நிறுத்திவிடுகிற வழக்கம் அங்கே இல்லை. வெல்லத் தட்டு இறங்கித் தரையைத் தொடும்வரை அள்ளி வைக்க வேண்டும். சாமிக்குக் குறைந்துவிடக் கூடாது.

"நாப்பத்தொம்பது கிலோ" என்றார் கோயில்காரர். கணவர் குப்பண்ணன் அதை மனதில் வைத்துக்கொண்டார். கால்கள் திரும்ப வரவில்லை. எண் மட்டும் ஞாபகத்தில் நின்றது.

திரும்பும் வழியில் மாட்டுவண்டிக்குள் படுத்தபடி அவள் சொன்னாள்: "இனி என்னை ஆரும் தூக்கக் கூடாதுங்க. அடுத்த வாட்டி நாலு பேரு தூக்கறது, ஒரேயடியாத் தூக்கறதா இருக்கட்டும்."

அதற்குப் பிறகு யாரும் அவளைத் தூக்கவில்லை. வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில் விரித்திருக்கும் சாக்கின்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் ஊன்றி நகர்வாள். அரிசி புடைப்பாள், தயிர் கடைவாள். மீனாட்சிபுரத்திலிருந்து பதினேழு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள். வந்த மூன்றாம் நாளே முட்டுகிற மாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்தியதாகக் கோவிந்தாபுரம் ரோட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். தொழுவத்தில் மாடு செருமினால், அது எந்த மாடு, தண்ணீருக்கா தவிட்டுக்கா என்று ஆசாரத்தில் இருந்தபடியே சொல்லிவிடுவாள். காது அவ்வளவு கூர்மை. அந்தக் காதுதான் அவளை விடவில்லை.

நடந்தது இதுதான். எழுபத்தொன்று புரட்டாசி. ஒரே மகன் காளிச்சாமிக்கு டைபாய்டு, மூன்றாவது வாரம். இருபது வயதுப் பையன். மச்சில் நெல் போட்டுவைக்கும் அறையில் பாதியைத் தடுத்து அவனுக்கு அறையாக்கியிருந்தார்கள், அங்கேதான் படுத்திருந்தான். கீழிருந்து மச்சுக்குப் பதினான்கு மரப்படிகள். இரண்டு பக்கமும் சுவர், ஒரு ஆள் மட்டும் ஏறலாம். அன்றைக்கு வயலில் கொய்த்து, எல்லாரும் அறுப்புக்குப் போயிருந்தார்கள். வீட்டில் தாயும் மகனும் தவிர யாருமில்லை. மத்தியானம் கஞ்சி எடுத்துக்கொண்டு ஏறியவள் ஒன்பதாவது படியில் வழுக்கினாள். அடிப்படியில் வந்து விழுந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

மேலே அவன் கூப்பிட்டான். "அம்மா."

வர்றேன் கண்ணு என்றாள். போக முடியவில்லை. மறுபடி கூப்பிட்டான். பிறகு மறுபடி. வெயில் சுவரில் ஏறி இறங்கியது. பொழுது சாய்ந்து எல்லாரும் வந்தபோது அவன் போயிருந்தான்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானத்தில், புடைத்துக்கொண்டிருந்தால் முறம் நிற்கும், கடைந்துகொண்டிருந்தால் மத்து நிற்கும். தலையைத் தூக்கி மச்சைப் பார்ப்பாள். "கூப்பிடறான்."

குப்பண்ணனின் தங்கை ராமாத்தாள், புருஷன் போன பிறகு அந்த வீட்டோடு இருந்தவள், முதல் வருஷம் கூடச் சேர்ந்து அழுதாள். அடுத்த வருஷம், "எனக்கு ஒண்ணும் கேக்கலியே நங்கை" என்றாள். அண்ணியை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள். மூன்றாவது வருஷம் எதுவும் சொல்லாமல் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவாள். குப்பண்ணன் அமாவாசைக்கு ஒருமுறை விளக்குமாறோடு மேலே போவார். பெருக்குவார். கதவுக்கு வெளியே கொண்டியைப் போட்டுவிட்டு இறங்குவார். அறையில் எதையும் நகர்த்தமாட்டார்.

எழுபத்துநாலு மாசியில் ஒருநாள் சுப்பாத்தாள் கேட்டாள். "நான் மேல போவோணுமுங்க. எனக்கொரு வழி பண்ணிக் குடுங்க."

"தூக்கக் கூடாதுங்கறே. அப்புறம் எப்படிப் போறது?"

"அத நீங்க ரோசன பண்ணுங்க."

அதற்கு முந்தைய மாதம் குப்பண்ணன் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டுக்கு இரண்டு கறவை மாடுகளை லாரியில் கொண்டுபோய் விட்டுவந்திருந்தார். அங்கே தேயிலை ஆலையில் கொழுந்து மூட்டைகள் ஒரு மரக்கூண்டில் உட்கார்ந்து மேல்மாடிக்குப் போவதை வாய் பிளந்து பார்த்தவர், அந்தக் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் பெரியமுத்துவுக்கு ஆள் சொல்லி அனுப்பினார். மஃப்ளர் சுற்றிய தலையோடு பெரியமுத்து வந்து இறங்கினார். எங்கள் வெயிலில் அரை மணி நேரம்கூட அந்த மஃப்ளர் தாங்கவில்லை.

ஒரு நாள் முழுக்க அளந்தார். சாயங்காலம் ஆசாரத்தில் எல்லாரும், பக்கத்து வீட்டுப் பையனான நானும், இருக்கும்போது சொன்னார்.

"ரெண்டு தினுசாப் பண்ணலாங்கய்யா. ஒண்ணு, படி மேலயே ரெண்டு தண்டவாளம் போட்டு, அதுல ஒரு நாக்காலி. தாயி உக்காந்துக்கிட்டா, மேல ஒரு ஆளு சக்கரத்தச் சுத்தணும். கிணத்துல வாளி வர்றாப்புல மெல்ல வந்துரும். இன்னொண்ணு, பின்கட்டு மச்சுல நெல்லு மூட்டை ஏத்தறதுக்குச் சதுரமா ஓட்டை விட்டுப் பலகை போட்டு மூடியிருக்கீகள்ல? அதுல ஒரு கூண்டு. நேரா மேல. அந்தப் பக்கம் எதிர்ப்பாரம் தொங்கும். தாயி எடையும் அதுவும் சமமா இருந்தா, அவுகளே ஒத்தக் கையில கயித்த இழுத்துப் போய்க்கிறலாம். ஆளே வேணாம்."

"நாக்காலியே போதும்" என்றார் குப்பண்ணன். "படி மேல போறது. அறுந்தாலும் படிலதான் நிக்கும். கூண்டு அந்தரத்துல தொங்குமல்லோ."

"எனக்குங் கூண்டுன்னாத்தான் கொஞ்சம் யோசனையா இருக்கு. எங்க ஆலையில ஆளு ஏறப்படாதுன்னு போர்டே மாட்டியிருக்கான். கொழுந்துன்னா பயப்படாது. கத்தாது."

"எங்க நங்கையும் கத்தாது. கொழுந்தாட்டந்தான் வாடிக் கெடக்குது" என்றாள் ராமாத்தாள்.

சுப்பாத்தாள் சிரிக்கவில்லை. "நாக்காலி வேண்டாமுங்க."

"ஏம்புள்ளே?"

"அந்த ஒம்பதாவது படியத் தாண்டிப் போவோணும்."

பெரியமுத்து மஃப்ளரை எடுத்து மடித்தார். விழுந்த படியைக் கடக்க எவளுக்குத்தான் மனம் வரும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம். குப்பண்ணன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நினைத்தது வேறு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"சரி. கூண்டே போடுங்க" என்றார்.

பத்து நாள் வேலை. உத்தரத்தில் இரும்புக் கப்பிகள் இரண்டு. பலா மரத்தில் கூண்டு, உட்காரப் பலகை, முன்னால் குறுக்குக் கட்டை. எதிர்ப்பாரத்துக்கு ஒரு இரும்புச் சட்டம். அதில் ஆற்று மணல் கட்டிய சாக்குகள். கூண்டு தரையோடு தரையாக வந்து நிற்கும். அவள் சாக்கிலிருந்து கையூன்றி ஏறிக்கொள்ளலாம்.

"தாயி, எடை பாக்கணும். திராசுல ஒரு நிமிஷம்…"

"திராசுல ஒக்கார நானென்ன பருத்தி மூட்டையா தம்பி?"

குப்பண்ணன் குறுக்கிட்டார். "எடை எனக்குத் தெரியும். நாப்பத்தொம்பது. சாமி சன்னிதியில போட்டது, பொய்க்காது."

பெரியமுத்து அந்த எண்ணையே எடுத்துக்கொண்டார். நாற்பத்தொன்பது கிலோ நெல்லைக் கூண்டில் வைத்து மூன்று முறை ஏற்றி இறக்கினார். நடுவில் நிறுத்தினால் அசையாமல் நின்றது. ராமாத்தாள் ஒற்றை விரலால் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குதே, நெல்லுக்கு வந்த சொகத்தப் பாரு" என்றாள்.

மறுநாள் மத்தியானம் ஏறுவதென்று சுப்பாத்தாளே சொன்னாள். மத்தியானம்தான் வேண்டும் என்றாள்.

தலை குளித்து, வெளுத்த சேலை கட்டி, சாக்கில் நகர்ந்து பின்கட்டுக்கு வந்தாள். கூண்டுக்குள் தானே ஏறி உட்கார்ந்தாள். குறுக்குக் கட்டையைப் போட்டுக்கொண்டாள். நானும் வாசல் பக்கம் நின்றிருந்தேன். பெரியமுத்து கீழே செருகியிருந்த முளையை உருவி, "இப்ப கயித்தப் புடிச்சு மெல்ல இழுங்க தாயி" என்றார்.

அவள் கயிற்றைத் தொடவேயில்லை. இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

கூண்டு தரையை விட்டு எழும்பியது.

சத்தமே இல்லை. புகை எழும்புவது போல எழும்பியது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம். அவள் முகம் எங்கள் முகங்களுக்கு நேராக வந்து, எங்களைப் பார்க்காமல் கடந்து போனது. பிறகு பாதங்கள் மட்டும் தெரிந்தன. மூன்று வருஷமாக மண் படாத பாதங்கள்.

"அண்ணா! ஆரோ இழுக்கறாங்க! மேலருந்து ஆரோ இழுக்கறாங்க!" ராமாத்தாள் தூணைக் கட்டிக்கொண்டாள்.

பெரியமுத்துவின் கை கயிற்றை நோக்கி நீண்டு, பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் அவரும் அப்படித்தான் நம்பியிருக்க வேண்டும். நான் நம்பினேன். கூண்டு மச்சின் துவாரம் வழியே காளிச்சாமியின் அறைக்குள் நுழைந்து, மேலே உத்தரத்தில் இடித்து நின்றது. எதிர்ப்பாரம் தரையில் வந்து உட்கார்ந்தது.

மேலே கதவை உள்ளிருந்து எட்டித் தட்டும் ஓசை. கதவு அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில்தான். அடுத்து அவள் குரல்.

"கதவு. கதவத் தொறங்க."

குப்பண்ணன் படியை நோக்கி ஓடினார். பின்னாலேயே ராமாத்தாளும் ஓடி, பாதிப் படியில் நின்றுவிட்டாள். மேலே நடந்ததை எனக்குச் சொன்னவள் அவள்தான்.

குப்பண்ணன் கதவுக்கு முன்னால் நின்றாராம். கொண்டியில் கை வைத்தவர் அதை விலக்கவில்லையாம். உள்ளேயிருந்து சுப்பாத்தாள் பேசினாள்.

"அன்னிக்கும் கொண்டி வெளிய போட்டிருந்துதுங்க. நாந்தான் போட்டேன். சொரத்துல எந்திரிச்சு எந்திரிச்சு படிக்கு வந்துட்டிருந்தான். உளுந்துருவான்னு போட்டேன். அவன் அம்மான்னு மட்டும் கூப்பிடலீங்க. அம்மா, கதவுன்னான். கதவுன்னான். நான் ஒருத்தருகிட்டயும் சொல்லலே."

"எனக்குத் தெரியும் புள்ளே."

"தெரியுமா?"

"அன்னிக்குப் பொழுதோட வந்து இந்தக் கொண்டிய எடுத்தவனே நாந்தானே. கதவுக்குப் பக்கத்துலதான் கெடந்தான்."

"மூணு வருசமா ஏனுங்க சொல்லலே?"

"நீ சொல்லுவீன்னுதான் இருந்தேன்."

உள்ளே அவள் கை மறுபடி கதவைத் தட்டியது. பிறகு, "தொறங்க. இங்க இருக்க முடியலீங்க" என்றாள்.

கொண்டி விழுந்த சத்தம் கீழே எங்களுக்கும் கேட்டது. படி வழியாக ஏன் போகமாட்டேன் என்றாள் என்பது அப்போதுதான் விளங்கியது. ஒன்பதாவது படி அவளுக்குப் பொருட்டே இல்லை. நாற்காலி அவளைக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டிருக்கும், கொண்டிக்கு இந்தப் பக்கம். மகன் இருந்த பக்கத்துக்குக் கூண்டுதான் போகும்.

கீழே பெரியமுத்துவுக்கு உயிர் வந்திருந்தது. எதிர்ப்பாரத்தைத் தட்டிப் பார்த்தார். மூட்டைகளை எண்ணினார். பிறகு என்னிடம் கேட்டார். "தம்பி, அந்த எடை எப்பப் போட்டது?"

ரெண்டு வருஷம் முன்னால், துலாபாரத்தில் என்றேன்.

"துலாபாரத்துலயா!" தலையில் கை வைத்துக்கொண்டார். "அங்க தட்டுச் சாயுற வரைக்கும்ல கூட வைப்பாக. ரெண்டு வருசத்துல தாயி எளைச்சு எம்புட்டுக் கொறஞ்சிருப்பாக. பத்துப் பன்னெண்டு கிலோவாச்சும் வித்தியாசம் இருக்கும். எதிர்ப்பாரந்தேன் தூக்கிருச்சு. வேற ஒண்ணுமில்ல." யாரும் கேட்காமலேயே இன்னொரு முறை சொன்னார். "வேற ஒண்ணுமில்ல."

மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஐயா! ஒரு மணல் மூட்டைய அவுத்துர்றேன். அப்பத்தேன் கூண்டு கீழ எறங்கும்!"

"மணல்ல கைய வெக்காதீங்க தம்பி." சுப்பாத்தாளின் குரல். "மேல இருக்கறது எறங்கட்டும்."

கட்டிலுக்கடியில் காளிச்சாமியின் டிரங்குப் பெட்டி இருந்தது. பாலிடெக்னிக் புத்தகங்கள், இரண்டு சட்டை, சைக்கிள் பம்பு, கொல்லங்கோட்டுச் சந்தையில் வாங்கிய கண்ணாடி. மூன்று வருஷமாகக் குப்பண்ணன் பெருக்கும்போது சுற்றிப் பெருக்கிய பெட்டி. அதை அவரே இழுத்து வந்து அவள் மடியில் வைத்தார்.

கூண்டு இறங்கியது. முதலில் பாதங்கள், பிறகு பச்சைப் பெயின்ட் அடித்த பெட்டி, அதன்மேல் இரண்டு கைகள், பிறகு முகம். இந்த முறை அவள் எங்களைப் பார்த்தாள்.

பெரியமுத்து ஊருக்குப் போகும் முன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மணலைக் குறைக்க அவள் விடவில்லை. இன்றைக்கும் மேலே போக வேண்டுமென்றால் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் கூண்டில் உட்காருகிறாள். அதோடு சேர்ந்தால்தான் எதிர்ப்பாரத்துக்குச் சமமாகிறாள். அது இல்லாவிட்டால் கூண்டு அவளை மேலேயே வைத்துக்கொள்ளும். மச்சுக் கதவில் இப்போது கொண்டி இல்லை. குப்பண்ணன் பிடுங்கிய இடத்தில் நான்கு ஆணித்துளைகள் இருக்கின்றன.

கூண்டேறியதற்கு அடுத்த நாள் மத்தியானம் முறம் நின்றது. சுப்பாத்தாள் தலையைத் தூக்கினாள். ராமாத்தாள் தொழுவத்துக்கு எழுந்து போகாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கேக்குதா நங்கை?"

"கேக்குது."

"என்ன சொல்றான்?"

சுப்பாத்தாள் கொஞ்ச நேரம் காது கொடுத்தாள்.

"அம்மாங்கறான். அவ்வளவுதான்."