நூல் சாட்டைக்குள் தோல் வார்

என் பாவாவின் இடது கண்ணைக் கெடுத்தவன் நான். தெரியாமல் நடந்ததல்ல. நாடகத்தில் சாட்டையின் முனை தெறித்துக் கண்ணில் பட்டுவிட்டது, பாவம், விபத்து என்றுதான் எங்கள் சபையில் இன்றுவரை நம்புகிறார்கள். உண்மை தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், பாவா, அவரைக் கட்டிக்கொண்ட என் அக்கா. இனியும் இதை உள்ளே வைத்துப் பூட்ட எனக்குத் தெம்பில்லை.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் சபை இருக்கிறது. நாங்கள் ஜெபம் பண்ணும்போது மலைமேலிருந்து முருகன் பாட்டு கேட்கும். பாட்டுக்கும் ஜெபத்துக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. நாங்கள் தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த நெசவுக் குடும்பம். வீட்டை ஒட்டினாற்போல் எங்கள் பவர்லூம் கொட்டகை.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் சபை வளாகத்தில் ஆண்டவரின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். அதில் அடிக்கிற சிப்பாய் வேஷம் எங்கள் வீட்டுக்குச் சொந்தம். தேருக்கு முதல் வடம் பிடிக்கும் உரிமை சில குடும்பங்களுக்கு இருக்குமே, அதுபோல ஆண்டவரை அடிக்கும் உரிமை எங்களுக்கு! எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், இருபது வருஷத்துக்கு மேல் அடித்தார். அவருக்கு முட்டி போன பிறகு நான் அடித்தேன். சாட்டை வெறும் பருத்தி நூல்தான். மொத்தமாக முறுக்கிச் சிவப்புச் சாயத்தில் ஊறவைப்போம். மேலே விழுந்தால் வலிக்காது, வெள்ளைத் துணியில் கோடு கோடாகச் சிவப்பு இறங்கும். பார்க்கிற பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். கையை எப்படி ஓங்குவது என்பதை நைனா என் முதுகில்தான் கற்றுக்கொடுத்தார். அதற்கு அவர் நூல் சாட்டையைத் தேடவில்லை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார்.

நைனாவுக்கு யூதன் என்ற சொல்தான் உலகத்திலேயே பெரிய வசவு. கரண்டை நிறுத்திய லைன்மேன் யூதன். குழாயில் தண்ணீர் விடாதவன் யூதன். கணக்குப் பரீட்சையில் தோற்ற நானும் யூதன். நாடகம் முடிந்த மறுநாள் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்கு வைக்கோலில் பொம்மை கட்டி வேப்பமரத்தில் தொங்கவிட்டுத் தடியால் அடிப்போம். ஒரு வருஷம் யூதாஸ் வேஷம் கட்டிய ஆளுக்கே இரண்டு பல் போனது. இத்தனைக்கும் எங்களில் ஒருவர்கூட ஒரு யூதனைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காமலே நன்றாக வெறுத்தோம்.

பாவா கனகம்மாசத்திரத்துக்காரர், அரசுப் பள்ளியில் வரலாற்று வாத்தியார். ஒல்லி உடம்பு, தாடி. அந்த உருவத்துக்காகவே அவரை இயேசு வேஷத்துக்குப் பிடித்துப் போட்டார்கள். நைனா இறந்த வருஷம் வசனத்தையும் திருத்தி எழுதித் தரச் சொன்னார்கள். வினை அங்கே தொடங்கியது.

முதல் ஒத்திகையிலேயே அவர் தன் கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சாவறதுக்கு மின்னாடியே ஆண்டவருக்கு சிலுவ எங்கிருந்து வந்துச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சங்கிலியை இயேசு வேஷத்துக்கென்று வாங்கிப் போட்டவர் நைனா.

பிறகு ஆண்டவரின் மேலாடைக்கு வந்தார். யூதர்கள் மேலாடையின் நாலு மூலையிலும் குஞ்சம் வைப்பார்கள், ஆண்டவரும் வைத்திருந்தார், நோய்க்காரப் பெண் கூட்டத்தில் நெருக்கியடித்துத் தொட்டது அந்தக் குஞ்சத்தைத்தான் என்றார். துணியை என் தறியில் நான்தான் ஓட்டிக் கொடுத்தேன். புடவை முந்திக்குக் குஞ்சம் முடிவது அக்காவின் வேலை. நீலநூல் ஒன்று சேர்த்து நாலு குஞ்சமும் அவள் முடிந்தாள். கடைசி விருந்து, எகிப்தில் அடிமைத்தனம் நீங்கியதை யூதர்கள் கொண்டாடும் பஸ்கா விருந்து என்று சொல்லி, புளிக்காத மாவில் சப்பாத்தி சுடவைத்தார். கசப்புக்கு வேப்பங்கொழுந்து. "இன்னாங்க இது, உகாதிப் பச்சடி கணக்கா கீது" என்று பேதுரு வேஷக்காரர் முகத்தைச் சுளித்தார். பஸ்காவும் பௌர்ணமியில்தான், நம் பங்குனி உத்திரம்போல, என்றார் பாவா. ஜனங்களுக்கு இதெல்லாம் பிடித்துப்போனது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

கடைசியாக, ஜனக்கூட்டம் ஆண்டவரின் ரத்தப்பழியைத் தன் தலையிலும் பிள்ளைகள் தலையிலும் ஏற்றுக்கொள்வதாகக் கத்தும் இடத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டார். எங்கள் நாடகத்துக்கு உயிரே அந்த இடம்தான். அதைக் கேட்ட சூட்டில்தான் சிப்பாய் சாட்டையை ஓங்குவான்.

"அத்த ஏன் எடுத்தீங்க?" என்றேன்.

"அந்த ஒரு பேச்ச வெச்சிகினு அவங்கள ஊர் ஊரா போய்க் கொளுத்துனாங்க மச்சான். கொழந்தைங்களக்கூட உடல."

"அவங்கதான ஆண்டவரக் கொன்னாங்க?"

"ஆண்டவரு யாரு? மரியாள் யாரு? பேதுரு யாரு? நம்ம சங்கீதம், ஜெபம், ஆமேன்னு சொல்றமே, அதுகூட அவங்க ஊட்டுதுதான். மேடைல நிக்கிற எங்க அத்தினி பேரும் யூதங்க. உங்கள மாதிரி சிப்பாயிங்களும் உத்தரவு போட்ட கவர்னரும்தான் வெளியாளு."

மறுபடி சிரிப்பு. ஒரு பையன், "அப்ப நீங்கதாண்ணே வில்லன்" என்றான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பாவாவின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தேன்.

"எங்க நைனா சொன்னதெல்லாம் பொய்யா?"

"மாமா தெரியாம சொன்னாரு. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டாரு."

"எங்க நைனாவ முட்டாளுன்றியா?"

அக்கா ஓடிவந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பாவா பொத்தானைப் போட்டுக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போனார். அவர் திருப்பி அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவர் பொறுமை என்னை எரித்தது. நைனா செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஊரைக் கூட்டி அவரைப் பொய்யராக்கிவிட்டான் என்றுதான் எனக்குப் பட்டது.

வியாழக்கிழமை காலையில் கொட்டகைக்குப் போனேன். தறியில் ஊடைநூலைக் கொண்டுபோகும் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துத் தள்ளும் கட்டை இருக்கும். அதை இழுப்பது ஒரு தோல் வார். விரற்கடை அகலம், நாளெல்லாம் அடி வாங்கியும் அறாதது. ஒரு தறியை நிறுத்தி அதைக் கழற்றினேன். அதன்மேல் நூலைச் சுற்றி முறுக்கிச் சாயத்தில் போட்டேன். கை நடுங்கவே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வளாகம் நிரம்பியிருந்தது. பாவாவைத் தூணில் கட்டினார்கள். மேலாடையின் குஞ்சங்கள் காற்றில் ஆடின. நான் சாட்டையை ஓங்கினேன்.

நூல் விழுந்தால் சத்தமே வராது. இது பட்டென்று விழுந்தது. பாவாவின் முதுகு வில்லாக வளைந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். சாட்டையைப் பார்த்தார். புரிந்துகொண்டுவிட்டார். நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை, முகத்தைத் தூணுக்குத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவதும் மூன்றாவதும் இன்னும் பலமாக அடித்தேன். நைனாவுக்காக அடித்தேன், சிரித்தவர்களுக்காக அடித்தேன், பிறகு எதற்கென்றே தெரியாமல் அடித்தேன். அடிக்க அடிக்க ருசித்தது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. துணியில் இறங்கியது சாயமா ரத்தமா என்று தெரியவில்லை. பெண்கள் கதறினார்கள். அடியின் நடுவே பாவாவின் வாய் முணுமுணுத்தது காதில் விழுந்தது. கர்த்தர் ஒருவரே என்று யூதர்கள் சாகும்போது சொல்லும் ஜெபம். ஆண்டவருக்குத் தாய்மடியிலேயே தெரிந்திருக்கும் என்று ஒத்திகையில் சொல்லியிருந்தார். அது என்னை இன்னும் வெறியாக்கியது. ஏழாவது அடிக்குச் சாட்டை தோளைச் சுற்றிக்கொண்டு போய் முகத்தில் விழுந்தது. இழுத்தேன். ஒரு குஞ்சம் பிய்ந்து சாட்டையோடு வந்தது. பாவா அப்போதுதான் முதல்முறையாகச் சத்தம் போட்டார். சின்னச் சத்தம்தான்.

அதன் பிறகும் அவர் சிலுவையைத் தூக்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடந்தார். உத்திரத்துக்கு வந்த காவடிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், ஒருவர் நீர்மோர் நீட்டினார். நாடகப்படி மூன்று முறை விழவேண்டும். நான்காவது முறையும் விழுந்தார், எழுந்திருக்கவில்லை.

திருத்தணியில் முடியாது என்று சென்னைக்கு அனுப்பினார்கள். கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"நூல் சாட்டைங்க. முனைல முடிச்சி இருந்துச்சி, பட்டுட்ச்சி" என்றார் பாவா.

பார்வை திரும்பவில்லை.

திங்கட்கிழமை அக்கா கொட்டகைக்கு வந்தாள். சாட்டையைத் துவைக்க எடுத்துப்போய் முறுக்கைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். தோல் வாரை நின்றுகிடந்த தறிமேல் வைத்தாள்.

"இந்தா, இத்த எடுத்துக் கட்டு. தறி நிக்குது பாரு."

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் என்னோடு பேசவில்லை. அந்தத் தறியும் ஓடவில்லை. வாரை எடுத்துக் கட்ட முடியாமல், தூக்கிப் போடவும் முடியாமல், பிய்ந்த குஞ்சத்தோடு பெட்டியில் வைத்திருந்தேன்.

ஒருநாள் பாவா வீட்டுக்குப் போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஏன் பாவா கத்தல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருக்குமே."

அவர் என்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். "கத்தியிருந்தா அத்தினி ஜனமும் உம்மேல பாஞ்சிருக்கும். அழுதுகினு இருந்துச்சிங்க பார்த்தியா? ஆண்டவர நெசமாவே அடிச்சிட்டான்னு உன்னக் கொன்னே போட்டிருக்கும். கூட்டம் ஒருத்தன அடிக்க ஆரம்பிச்சா நிக்காது மச்சான். அந்த வசனத்த அதுக்குத்தான் எடுத்தேன்."

நான் ஒரு வெறியன், அவர் என்னைக் காப்பாற்ற அடி வாங்கியிருக்கிறார். வெட்கத்தில் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. குஞ்சத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அக்கா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறு வருஷம் சிப்பாய் வேஷத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். பாவா ஒத்துக்கொள்ளவில்லை. "நீ வரலன்னா ஏன் வரலன்னு கேப்பாங்க. வா."

சாட்டையை அந்த முறை அக்காவே முறுக்கினாள். மேடைக்குப் பின்னால் அதை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். "மொகத்துகிட்ட போவாத" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

பாவாவைத் தூணில் கட்டினார்கள். மேலாடையில் நாலு குஞ்சமும் இருந்தன. நான் அவருடைய இடப்பக்கம் நின்றிருந்தேன், அவரால் என்னைப் பார்க்க முடியாது. கையை ஓங்கினேன். காற்றில் சாட்டையின் ஓசை கேட்டதுமே, தோல் வாரையே பொறுத்துக்கொண்டு நின்ற அந்த மனிதர் உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கித் தலையை இரண்டு தோள்களுக்கும் நடுவே இழுத்துக்கொண்டார். சாட்டை இன்னும் அவர்மேல் விழவே இல்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"வாத்தியாரு இந்த வருஷம் இன்னாமா நடிக்கிறாரு!"