சுண்ணாம்பு அடித்த வடிகாலும் ஒரு தம்ளர் தண்ணீரும்

கொடைக்கானலுக்கு வழி கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் அதிகம். ஏரியைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் நான் போன இடத்தைச் சொல்கிறேன். படித்துவிட்டு உங்களுக்கு எரிச்சல் வந்தால் நல்லது. எனக்கு இன்னும் அடங்கவில்லை.

புஷ்பம் வத்தலக்குண்டில் என்னோடு தையல் படித்தவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கல்யாணமாகி மலைமேல் போனவள், குழந்தையைப் பார்க்க வரச்சொல்லி ஆளனுப்பியிருந்தாள். வெள்ளனே ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் தூரம். பாதையில் மண் சரிந்திருந்ததால் போய் இறங்கப் பத்தரை ஆகிவிட்டது. அங்கிருந்து ஜீப். எனக்கு மூன்று ரூபாய், என் தேங்காய் மூட்டைக்கு ஒரு ரூபாய். தேங்காய்க்கு உட்கார இடம் கிடைத்தது, எனக்குத்தான் கிடைக்கவில்லை.

"இன்னைக்கு ரோடு பளிச்சுனு கெடக்கும் பாருங்க. குழியச் சோதிக்க ஆபீசர் வர்றாருல்ல" என்றார் டிரைவர்.

குழி என்றால் பாக்சைட் வெட்டும் சுரங்கம். அலுமினியம் செய்கிற மண். மலையின் தோலை உரித்துப் போட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் அந்தச் செம்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போகாமல், வடிகால் வழியாக ஒரு தொட்டிக்கு வந்து, மண் படிந்தபின் தெளிந்துதான் வெளியே போக வேண்டும். அதுதான் விதி.

ரோட்டோரம் வடிகால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. இரண்டு கரையிலும் புதுச் சுண்ணாம்பு, நடுநடுவே குரோட்டன்ஸ் தொட்டி. ஜீப்பை விட்டிறங்கி வளைவு தாண்டி நடந்தேன். அங்கே வடிகாலே இல்லை. மண் மூடி உண்ணிச்செடி மண்டியிருந்தது. தண்ணீர் தெளிய வேண்டிய தொட்டியில் புல் முளைத்து ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சுண்ணாம்பில் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

குழிக்கு நேர் கீழே புஷ்பத்தின் வீடு. ஓடைத் தண்ணீர் ஒரு தகரக் குழாய் வழியாக விழும். தோட்டப் பழக்கத்தில் அதைப் பீலி என்பார்கள். அங்கிருந்த எல்லா வீட்டுக்கும் அந்த ஒரு பீலிதான். விழுந்த தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தது.

"இதையா குடிக்கிறீங்க?"

"தெளிய வச்சு, துணில வடிகட்டித்தான் குடிக்கிறோம். பிள்ளைக்கு ரெண்டு தரம் வயித்தால போயி ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிட்டுப் போனோம்" என்றாள் புஷ்பம். "அங்க தோட்டத்துல கான் ஒழுங்கா வெட்டலேன்னா அரப்பேருதான் போடுவாங்க, அர நாள் சம்பளம். இங்க கானுக்கு வெள்ள அடிக்க முழுச் சம்பளம்." வடிகாலுக்கு அவர்கள் சொல் கான்.

வெள்ளை அடித்தது அவள் புருஷன் ராஜு. அந்தக் குழியில்தான் அவருக்குக் கூலி வேலை. "நீ வாயத் தொறக்காத புஷ்பம். நாளைக்கு எனக்கு வேல இருக்காது" என்றார்.

அந்த நேரத்தில் சூப்பர்வைசர் ஒரு பிளாஸ்டிக் கேனோடு வந்தார். ஆபீசருக்கு டீ வேண்டும். பக்கத்து வீடு இதுதான். "இந்த டவுன் தண்ணியிலதான் போடணும், வெரசா கொண்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவி, எல்லாம் தெரிந்துதான் செய்கிறான்.

புஷ்பமும் ராஜுவும் டீயை ரோட்டுக்குக் கொண்டுபோனபோது நானும் கூடப் போனேன். ஆபீசர் வயதானவர், நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். மாத்திரை போட ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டார். வீட்டில் கேன் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. புஷ்பம் அதைத் தொடவில்லை. கண்ணாடித் தம்ளரை நேரே பீலியில் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். ராஜு முகத்தில் ஈயாடவில்லை.

ஆபீசர் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆச்சு, இப்போது கேட்பார், வளைவுக்கு அப்பால் நடப்பார் என்று நினைத்தேன்.

"என்னம்மா, குடிக்கிற தண்ணியை மூடி வைக்கிறதில்லையா? தூசி விழுந்திருக்கு பாருங்க" என்றார். மாத்திரையை டீயில் விழுங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், அந்த வளைவு வரைக்கும் ஒரு எட்டு வந்து பாருங்க" என்றேன்.

"நீங்க யாரு?" என்றார் சூப்பர்வைசர்.

"புஷ்பம் வீட்டுக்கு வந்திருக்கேன்."

"விருந்துக்கு வந்தவங்க விருந்த மட்டும் பாருங்கம்மா."

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். வடிகாலை நன்றாக வைத்திருப்பதாகப் பாராட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். சூப்பர்வைசர் மிச்சத் தண்ணீரோடு கேனையும் எடுத்துப் போனார். புஷ்பம் அந்தத் தம்ளரைச் சுண்ணாம்புக் கரையில் கவிழ்த்தாள். சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

மறுநாளிலிருந்து ராஜுவை வேலைக்குக் கூப்பிடவில்லை. தை பிறப்பதற்குள் அவர்கள் அட்டுவம்பட்டியில் ஒற்றை அறைக்கு வந்துவிட்டார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் அந்தப் பீலியில்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கத்தியதில் ஒரு மண்வெட்டி மண்கூட நகரவில்லை.

மலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி ஏறும், காலுக்கு உப்புத் தடவிக்கொள்ளுங்கள். திரும்ப ஜீப் வேண்டுமென்றால் மதியத்துக்குள் பேசி வையுங்கள். எந்தக் குழியையும் ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வராதீர்கள். கீழே இறங்கி, அங்கே குடியிருப்பவர்களிடம் குடிக்க ஒரு தம்ளர் தண்ணீர் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். மறக்காமல் மூடி வையுங்கள். தூசி விழுந்துவிடுமாம்.