கடை வாசலில் அணைத்த கற்பூரம்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக நானும் வீட்டுக்காரரும் டிபன் கடை வைத்திருக்கிறோம். சைவம் மட்டும்தான். மலை சுற்றி வருகிறவர்கள் நம்பிச் சாப்பிடுகிறார்களே என்று எங்கள் வீட்டில்கூட முட்டை வாங்குவதை விட்டேன். பக்கத்தில் புதுக் கடைகள் வந்த பிறகு கூட்டம் கம்மியாகிவிட்டது. பௌர்ணமியன்றே பொங்கல் மீந்தது.

அப்படி ஒரு பௌர்ணமி சாயங்காலம், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள் இலையோடு எழுந்து நின்றான். பொங்கலில் முட்டை ஓடு.

"மலை சுத்த வர்றவங்களுக்கு முட்டையாம்மா போடுறீங்க? நெத்தியில பட்டை வேற."

ஆளாளுக்குப் போனைத் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குனிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கடை வாசலில் நின்று மலைக்குக் கற்பூரம் காட்டுவேன். அதே இடத்தில் அழுதுகொண்டே கற்பூரம் ஏற்றினேன்.

"அண்ணாமலையாரே, நான் அப்படிச் செஞ்சிருந்தா இந்தக் கை வெளங்காம போவட்டும்."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். தோல் கொப்பளித்துவிட்டது. அவர்தான் தேங்காய் எண்ணெய் தடவினார். ஊதி ஊதி, மெதுவாகத் தடவினார்.

அந்த வீடியோ எங்கெங்கோ பரவியது. அடுத்த பௌர்ணமிக்குக் கடையில் நிற்க இடமில்லை. சிலர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சாமி கைவிடவில்லை என்று உருகிப்போனேன்.

கொஞ்ச நாள் கழித்து அதே ஆள் கடைக்கு வந்தான். சண்டை வரும் என்று பயந்து உள்ளே இருந்து ஓடிவந்தேன். வீட்டுக்காரர் அவனுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இன்னா நடிப்பு. முட்டை ஓட்டை என் பாக்கெட்ல கொண்ணாந்த நானே நம்பிட்டேன்" என்று சிரித்தான்.

எனக்குத் தெரியாது என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அவன் போன பிறகு வீட்டுக்காரர் சொன்னார்: "விளம்பரம்னா இப்ப இப்படித்தான். வியாபாரம் எப்படிப் போவுது பாரு. நீ பொய்ச் சத்தியமா பண்ண? உண்மையத்தான சொன்ன?"

"உண்மைதாங்க. ஆனா சாமியையும் என்னையும் சேர்த்து உங்க கூத்துல நிக்க வச்சுட்டீங்களே."

"உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்படி அழுகை வந்திருக்குமா?"

முப்பது வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கிறவர். எனக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து, அங்கேயே அடித்திருக்கிறார்.

லாபமா என்று கேட்டால், லாபம்தான். இன்றைக்கும் கூட்டம் குறையவில்லை. "அந்தக் கற்பூரம் அடிச்ச அம்மா நீங்கதானே? இன்னொரு தரம் அடிங்க, எடுத்துக்கறோம்" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களுக்காகவே வீட்டுக்காரர் கற்பூர டப்பாவைக் கல்லா மேல் எடுத்து வைத்திருக்கிறார்.

நான் அதைத் தொடுவதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த கற்பூர வில்லை ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு கடைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய்விடுகிறேன். அங்கிருந்தும் மலை தெரிகிறது. யாராவது போனோடு வருகிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் ஏற்றுகிறேன். அவர் வருகிறாரா என்றும்.