அய்யாக்கண்ணு படித்துச் சொன்ன பத்திரம்

மௌலா அலியில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளே தண்ணீர் வராது. அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டியது அய்யாக்கண்ணு சாருக்கு. தெய்வத்துக்குக்கூட அப்புறம்தான்.

லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நெற்றி நிறைய விபூதி. ஆனால் உருது சரளமாகப் படிப்பார். நிஜாம் காலத்தில் குவார்ட்டர்ஸ் பக்கத்தில் இருந்தது உருதுப் பள்ளிக்கூடம்தான், அங்கே ஐந்து வருஷம் படித்தாராம். ஹைடெக் சிட்டி வந்து மனை விலை றெக்கை கட்டிப் பறந்தபோது அந்தப் படிப்புக்கு மவுசு வந்தது. இங்கே நிலத்தின் பழைய காகிதங்கள் உருதுவில் இருக்கும். தெலுங்கையே எழுத்துக் கூட்டிப் படிக்கிற நமக்கு அது எங்கே புரியப் போகிறது? ஞாயிற்றுக்கிழமையானால் தமிழ்க் குடும்பங்கள் பத்திரக் கட்டோடு அவர் வீட்டு வாசலில் நிற்கும். ஒரு பைசா வாங்க மாட்டார்.

2004 மே மாதம் நாங்களும் போய் நின்றோம். திருமுல்கேரியில் பதினெட்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்து அலுத்துப்போயிருந்தோம். என் கணவர் சுதர்சனின் பி.எஃப். பணம் முழுவதையும் போட்டு ஒரு மனை வாங்குவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன். சமையலறை எந்த மூலையில் என்றுகூட நான் முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் கட்டின் அடியில் இருந்த பழுப்புத் தாளை அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"நக்கோ டீச்சரம்மா, வேணாம். இது ஏரிக்குள்ள இருக்கு."

"ஏரியா? நேத்துதான் பாத்தோம் சார், ஆடு மேயுது!"

"மே மாசம் ஏரியில ஆடுதான் மேயும். ஷிகம்னு எழுதியிருக்கு பாருங்க. ஏரி உள்வாய் நிலம். பத்திரத்துல இருக்கிற சர்வே நம்பரும் இதேதான்."

எனக்கு வந்ததே கோபம்! "நாங்க வீடு கட்டினா உங்களுக்கு என்ன சார் வயித்தெரிச்சல்?" என்று கேட்டுவிட்டேன். என் நாக்கில் சனி. அவர் தாள்களை மடித்துக் கொடுத்து, டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். என் கணவர் ரிஜிஸ்ட்ரேஷனை நிறுத்திவிட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

ஆகஸ்டில் நான்கு நாள் மழை கொட்டியது. மனசு கேட்காமல் இருவரும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தோம். எல்லைக் கற்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. என் சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எருமை கழுத்தளவுத் தண்ணீரில் சுகமாக நின்றுகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினெட்டு வருஷச் சேமிப்பு, பிழைத்தது.

கரையில் குடையோடு அய்யாக்கண்ணு சார் நின்றிருந்தார். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்கம்மா" என்றார்.

"நீங்க எதுக்கு சார் இந்த மழையில இங்க?"

"அந்த எருமைக்கு அந்தாண்ட ரெண்டாவது, நம்ம மனை."

போன வருஷமே ரிஜிஸ்டர் செய்துவிட்டாராம். விற்றவர் முப்பது வருஷம் பட்டறையில் கூட வேலை செய்த சிநேகிதர். அவரிடம் போய்ப் பழைய காகிதம் கேட்டால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும் என்று கேட்கவில்லை. ஊர்ப் பத்திரமெல்லாம் படித்தவர், தன் மனையின் சர்வே நம்பரும் ஏரிக்குள் இருப்பதை எங்கள் தாளில்தான் பார்த்திருக்கிறார். அந்த நிமிஷத்தில்தான் நான் வயிற்றெரிச்சல் என்றேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

"வெளியில சொல்லாம வித்திருக்கலாமே சார்? மெட்ராஸ்லேர்ந்து வர்ற சாஃப்ட்வேர் பசங்க க்யூவில நிக்கிறாங்களே" என்றேன்.

அவர் சிரித்தார். "எப்படிம்மா விக்கறது? வாங்கறவன் பத்திரத்தைத் தூக்கிட்டு என்கிட்டதானே படிக்க வருவான்?"